லாம்பெண்ணைக் காக்காவின் பகல் நித்திரை

சீனிமுகம்மது காக்கா தெருவில் வருவது முதலில் மூக்குக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிவது பிறகு. கல்முனையின் மேற்கு ஓரத்தில், வயல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு கொம்பனி மண்ணெண்ணெய் டிப்போ போட்டிருந்தது. அதில் இரண்டு இரும்புத் தாங்கிகள். அந்தத் தாங்கிகளையும் அவற்றின் வால்வுகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை இவருக்கு. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாத அந்த வாசம் அவருடைய சாரனில் இருந்தது, தாடியில் இருந்தது, ஏன், அவர் பாதி கடித்துவிட்டு வைத்த பாணிலும் இருந்தது. ஊர் சும்மா விடுமா? மண்ணெண்ணெய் அங்கே லாம்பெண்ணை, வயதில் மூத்தவர் காக்கா; ஆகவே லாம்பெண்ணைக் காக்கா என்று பெயர் வைத்துவிட்டது. அவர் அதற்காக யாரோடும் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் கடைசி வரிசையில், காற்றடிக்கும் வாசல் பக்கமாகத்தான் நிற்பார். அங்கே நில் என்று யாரும் சொன்னதில்லை. உள்ளிப்பூண்டு, வெங்காயம் தின்ற வாயோடு பள்ளிக்கு வரவேண்டாம் என்று இருக்கும்போது, எண்ணெய்க் கிடங்கே நடந்து வந்தால் பக்கத்தில் தொழுகிறவன் என்ன பாவம் செய்தான் என்று அவராகவே செய்துகொண்ட ஏற்பாடு அது. குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயரலாம் என்பது அதிலிருந்த ஒரே வசதி. அதையும் பொறுக்காமல் பக்கத்தில் இருக்கும் எவனாவது முழங்கையால் ஒரு இடி கொடுப்பான்.

நித்திரை, அதுதான் அவருக்குக் கிடைக்காத சாமான். டிப்போ தொடங்கிய காலத்தில் இந்த வேலைக்கு இரண்டு பேர். மற்ற ஆள் அபூசாலி, மேற்கே புதுக் குடியேற்றத்தில் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் புறப்பட்டுப் போனான். போனவன் போனவன்தான். அவனுடைய இடத்துக்கு ஆள் போடச் சொல்லி மனேஜர் இராசதுரை கொழும்புத் தலைமைக் கந்தோரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கொழும்பும் யோசித்துக்கொண்டே இருந்தது. இராசதுரை திருக்கோவில் பக்கத்து ஆள், கெட்டவர் அல்ல. வயிற்றுப் புண்ணோடு தயிரும் சோறுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவர். அவரும் ஓய்ந்தவர், இவரும் ஓய்ந்தவர். இருவரும் காலையில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். அந்த விஷயம் அதோடு வருஷக்கணக்காக நின்றது.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விடாத வேலை, அவ்வளவுதான். மட்டக்களப்பில் ரயிலில் வந்து இறங்கும் எண்ணெயைப் பவுசர் லொறி நினைத்த நேரத்தில் கொண்டுவரும். குழாயை மாட்டி, வால்வைத் திறந்து, தாங்கியின் மேலே ஏறி நின்று நிரம்புவதைப் பார்க்க வேண்டும். வெயிலுக்கு எண்ணெய் பெருகும், குளிருக்குச் சுருங்கும். ஆகவே விடிந்ததும் ஒரு தடவை, பொழுதுபடும்போது ஒரு தடவை ஏணியில் ஏறி, அளவுகோலை உள்ளே இறக்கி, ஈரம் எதுவரை என்று பார்க்க வேண்டும். இரும்புக்கும் உள்ளே வேர்க்கும். அந்தத் தண்ணீர் எண்ணெயைவிடப் பாரம் என்பதால் அடியில் போய் உட்காரும். காலையில் அடிவால்வைச் சற்றே திறந்து அதை வடித்துவிட வேண்டும். முதலில் தண்ணீர் வரும், பிறகு கலங்கல், அதன் பிறகு எண்ணெய். கலங்கல் முடிகிற இடத்தில் சக்கரத்தைத் திருப்பாவிட்டால் எண்ணெய் மண்ணுக்குப் போகும். அவர் விரலை நீட்டிக்கொண்டிருப்பார். தண்ணீர் விரலில் தங்கும். எண்ணெய் வழுக்கிச் சில்லென்று காயும். விரல்நுனித் தோலெல்லாம் வெடித்து வெள்ளை பூத்துப்போயிருந்தது. வாப்பா செய்கிறது என்ன வேலை என்று மகள் ஜெமீலா சின்ன வயதில் கேட்டபோது, திறக்கிறதும் பூட்டுகிறதும் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

தாங்கிகளைச் சுற்றி நெஞ்சளவு உயரத்தில் மண் அணை ஒன்று இருந்தது. தாங்கி உடைந்து எண்ணெய் ஒழுகினால் ஊருக்குள் போகாமல் அதற்குள்ளேயே நிற்பதற்காகக் கட்டியது. ஆனால் மழை பெய்தால் உள்ளே தண்ணீர் தேங்குமே, அதை வெளியேற்ற அணைக்கு அடியால் ஒரு குழாய். குழாய்க்கு ஒரு வால்வு. அந்த வால்வின் சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பு வாரில் கட்டியிருந்தார் சீனிமுகம்மது. மழை விட்டதும், தேங்கிய தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை என்று பார்த்துக்கொண்டு பூட்டைத் திறப்பார். தண்ணீர் வெளி வாய்க்காலுக்கு ஓடி முடியும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். முடிந்ததும் பூட்டுவார். அந்த இடத்தை விட்டு எழும்பிப் போனதே இல்லை.

அவருடைய பெண்சாதி றுகையாவின் தம்பி பளீல் வயல்காரன். பிறந்ததிலிருந்து சேற்றில் நிற்கிறவன். வெள்ளாமை, வரம்பு, வாய்க்கால் என்பதைத் தாண்டி உலகத்தில் வேறு ஒன்றும் இருப்பதாக அவன் ஒப்புக்கொண்டதில்லை. டிப்போவின் மண் அணை அவனுக்கு வரம்பு. அடியில் இருந்த வால்வு அவனுக்கு வக்கடை. வயலில் தண்ணீர் மிஞ்சினால் வரம்பை வெட்டி வெளியே விடுகிற வாய். மச்சானின் வயலுக்கு நாலு பக்கமும் நல்ல வரம்பு, ஒரு வக்கடை, வெள்ளாமைதான் ஒன்றையும் காணோம் என்று அவன் கேலி செய்வான். சீனிமுகம்மதுவும் சிரிப்பார். வயலில் தண்ணீர் உள்ளேயிருந்து வெளியே போகும், இங்கே எப்போதும் அப்படித்தான் என்று நம்பக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறப்பதென்றால் ஒரு மனிதன் எத்தனைக்குத்தான் திறப்பது?

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி மழை வந்தது. மழை என்று சொல்வதே மரியாதைக்கு. வானத்தில் இருந்ததையெல்லாம் கவிழ்த்துக் கொட்டியது போலத்தான் இருந்தது. மேற்கே வயல்வெளி முழுக்க ஒரே தண்ணீர். பாதி வளர்ந்த பயிர் எங்கே போனதென்று தெரியவில்லை. தெருக்கள் வாய்க்கால் ஆயின. மட்டக்களப்பு றோட்டு அறுந்து பவுசர் வருவது நின்றது. ஊரோ இருட்டுக்குப் பயந்து போத்தலும் கையுமாக வந்து இருந்த எண்ணெயையெல்லாம் வாங்கிக்கொண்டு போனது. சின்னத் தாங்கியில் இருந்தது டீசல், அது நிறைந்திருந்தது. பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது.

சீனிமுகம்மது பயந்தது அதற்குத்தான். வெறும் பானை தண்ணீரில் மிதக்கும். இரும்புத் தாங்கியும் அப்படித்தான். உள்ளே முழங்கால் அளவு எண்ணெய் இருக்க, வெளியே இடுப்பளவு தண்ணீர் வந்து சூழ்ந்தால் தாங்கி அடியோடு எழும்பிவிடும். எழும்பினால் குழாய் அறுகும். குழாய் அறுந்தால் எண்ணெய் வெள்ளத்தின் மேலே ஏறி வீடு வீடாகப் போகும். வீடுகளிலோ சனம் மரவாங்குப் பலகையின் மேல் அடுப்பு வைத்து, கூரை வளையில் லாம்பு தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு பொறி போதும். ஆக, ஊர் இருக்கிறதும் எரிகிறதும் அந்த அணை நிற்பதிலும் அந்த ஒரு வால்வு பூட்டியிருப்பதிலும் இருந்தது. வெளியே வெள்ளம் அணையின் முக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. உள்ளே மழைத் தண்ணீர் மட்டும் கணுக்காலளவு.

டிப்போவைச் சுற்றியிருந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் சனம் வந்து டிப்போ வேலியின் கேற்றில் நின்றது. அந்தப் பக்கத்தில் கணுக்காலுக்கு மேல் நனையாமல் நிற்க இடம் இருந்தது அணைக்குள் மட்டும்தான். அந்நியரை உள்ளே விடக்கூடாது என்பது கொம்பனிச் சட்டம். சீனிமுகம்மது கேற்றைத் திறந்தார். கேற்றிலேயே நின்று ஆளாளுக்கு மடியைத் தடவினார். நெருப்புப் பெட்டி, பீடி, கைலாம்பு, எல்லாவற்றையும் வாங்கி வெள்ளத்தில் எறிந்தார். பீடி போன ஆத்திரத்தில் ஒருவன், கபுறுக் குழிக்குள் வந்து கேள்வி கேட்கும் வானத்து மலக்குகூட மடியைத் தடவமாட்டார் என்றான். சீனிமுகம்மது அவனுடைய தலைப்பாகையையும் அவிழ்த்துப் பார்த்தார். அதற்குள் இன்னும் இரண்டு பீடி இருந்தன.

கடைசியாக றுகையா வந்தாள். பின்னால் ஜெமீலா, கையில் பிள்ளை. பெற்று நாற்பது நாள் கழியவில்லை. வீட்டு வாசலையே தாண்டக்கூடாத பச்சை உடம்பு. மருமகன் திருகோணமலையில் மீன்வாடியில் இருந்தான், தண்ணீர் வடியாமல் வர வழி இல்லை. பெற்றவளுக்குப் பக்கத்தில் நாற்பது நாளும் தணல் இருக்க வேண்டும் என்பதால் றுகையா தணல் சட்டியைச் சீலைத் தலைப்பால் மூடி, மழை படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். சீனிமுகம்மது கையை நீட்டினார்.

"பச்ச உடம்புக்காரி. தணல் இல்லாட்டி விறைச்சுப் போவாள்" என்றாள் றுகையா.

"தணல் இருந்தா விறைக்கிறதுக்கு ஆரும் மிஞ்சமாட்டம். தா."

அவளுடைய கையிலிருந்து சட்டியை வாங்கித் தண்ணீரில் அமிழ்த்தினார். அது சீறி ஒரு புகை விட்டு அடங்கியது. றுகையா அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை. கட்டிய புருஷன் பேரப்பிள்ளையின் சூட்டைப் பறித்துவிட்டான் என்றால் எந்தப் பெண்சாதிதான் கதைப்பாள்? சட்டம் சட்டம்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சீறல் சத்தம் அவர் காதை விட்டுப் போகவில்லை.

அணைக்குள் இருந்த பம்புக் கொட்டிலில், பம்பு வைத்திருந்த சீமெந்து மேடையைத் துடைத்து, சாக்கு விரித்து, ஜெமீலாவைப் படுக்க வைத்தார்கள். ஆண்கள் அணைமேல் வரிசையாக நின்று, எண்ணெய்த் தகரங்களால் உள்ளே தேங்கிய மழைத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினார்கள். வானம் ஊற்ற ஊற்ற இவர்களும் ஊற்றினார்கள். பளீல்தான் அதற்குத் தலைவன். மண்வெட்டி பிடித்த கை, ஓயாது. சீனிமுகம்மது அள்ளவும் செய்தார், அணையைச் சுற்றிச் சுற்றி வந்து கசிவும் பார்த்தார், ஏணியில் ஏறி இறங்கவும் செய்தார். ஒரு பகல், ஓர் இரவு, பிறகு இன்னொரு பகல், இன்னொரு இரவு. அதற்குப் பிறகு வந்தது பகலா என்று அவருக்கே சந்தேகம். நடுப்பகல் லுஹர் தொழ அணைமேல் நின்றவர் நெற்றியை மண்ணில் வைத்துச் சுஜூதுக்குப் போனார், எழும்பவில்லை. செத்துப் போனார் என்று சனம் பயந்துவிட்டது. பளீல் வந்து தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

கொஞ்சம் படுக்கச் சொன்னான் பளீல். இவர் மாட்டேன் என்றார். கண் சிவந்து, வாய் கோணி, சொல் குழறிய மனிதனோடு என்ன வாதம்? பம்புக் கொட்டிலில் இரண்டு பீப்பாய்களுக்கு மேலே ஒரு பலகையைப் போட்டு அவரை இழுத்துக்கொண்டு போனான். படுக்கும் முன் அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"தண்ணி முழங்காலுக்கு வந்தா என்னை எழுப்பு. மறந்திராத."

பளீல் ஓம் என்று தலையாட்டினான். அந்த வால்வைத் தொடாதே என்றும் சொல்லியிருக்க வேண்டும். தொடுவான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பூட்டு அங்கே, சாவி இடுப்பில். பிறகென்ன என்று இருந்துவிட்டார். தலை பலகையில் பட்டதுதான் தெரியும்.

மனிதர்கள் இரண்டு நாளாகத் தண்ணீர் அள்ளினால் கை சோரும்தானே. சீனிமுகம்மது படுத்ததும் ஒருவன் உட்கார்ந்தான், அவனைப் பார்த்து இன்னொருவன். மழை மட்டும் உட்காரவில்லை. உள்ளே தண்ணீர் கூடிக்கொண்டே வந்து முழங்காலைத் தொட்டது. சீமெந்து மேடையின் விளிம்பில் நாக்கு நீட்டி, ஜெமீலாவின் சாக்கை நனைத்தது. பிள்ளை குளிரில் அழுது அழுது குரலும் அடங்கிப் போயிற்று. வயல்காரனுக்கு வரம்புக்குள் தண்ணீர் மிஞ்சினால் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அதை யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். அணைக்கு வெளியே நின்ற வெள்ளம் உள்ளே இருந்ததை விட எத்தனை உயரம் என்பது பளீலுடைய கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. ஆனால் பிள்ளையின் உதடு நீலம் பூத்திருந்தது. அவன் அதைத்தான் பார்த்தான்.

சீனிமுகம்மதுவை எழுப்பியது ஆள் இல்லை, இரும்பு. பெரிய மாடு ஒன்று எழும்புவதற்கு மூச்சை இழுப்பது போல ஒரு சத்தம். கண்ணைத் திறந்தவர் பலகையிலிருந்து காலை இறக்கினார். கால் இடுப்பளவு தண்ணீருக்குள் போயிற்று. வெளியே சனம் கத்தியது. அணையடியில் பளீல் கழுத்தளவு அமிழ்ந்து திறந்த வால்வைத் திரும்ப மூடச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வெளிவெள்ளம் கொண்டுவந்த வைக்கோல் வால்வின் வாயில் சிக்கிச் சக்கரம் திரும்ப மறுத்தது. குழாயால் வெள்ளம் பீறிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. சீனிமுகம்மதுவின் கை தானாக இடுப்புக்குப் போனது. வார் இருந்தது, சாவி இல்லை.

அந்த வாரில் கைவைத்து அவரை எழுப்பாமல் சாவியைக் கழற்றக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர். அவர் திரும்பிப் பார்த்தார். றுகையா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி மேடைமேல் நின்றாள். அவர் கண்ணைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குமேல் யோசிக்க நேரம் இருக்கவில்லை. பெரிய தாங்கி ஒரு பக்கமாக எழும்பியது; கொஞ்சம்தான், ஒரு சாண் இருக்கும். பிறகு சரிந்து உட்கார்ந்தது. அடியில் குழாய் வெடித்து அறுந்தது. வெடிப்பு தாங்கிக்கும் வால்வுக்கும் நடுவில், எந்தச் சக்கரத்தைத் திருப்பியும் பயனில்லை. சீனிமுகம்மது சாக்கைச் சுருட்டி அந்த வாயில் திணித்து நெஞ்சால் அழுத்திக்கொண்டு நின்றார். எண்ணெய் சாக்கை மீறி அவர் முகத்தில் அடித்தது, கண்ணைச் சுட்டது. எல்லாரும் அணைமேல் ஏறுங்கள், இரும்பை இரும்பில் தட்டாதீர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பளீல் வால்வை விட்டுவிட்டு ஓடி வந்து, பிள்ளையைச் சுளகில் கிடத்தித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனான். றுகையா ஜெமீலாவைத் தாங்கிக்கொண்டு போனாள். ஒருவரும் சாகவில்லை. அத்தனை பேரும் மண்ணெண்ணெயில் தோய்ந்த உடுப்போடு ஈரக் காற்றில் அணைமேல் குந்தியிருந்தார்கள். ஒருவர் மடியிலும் ஒரு நெருப்புக்குச்சி இருக்கவில்லை. தணல் சட்டியோ ஒரு பீடியோ அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருந்திராது. அதை யாரும் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சனம் அப்படித்தான், நடக்காமல் போன கெடுதிக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

வெள்ளம் இறங்க இறங்க, அணைக்குள் நின்ற எண்ணெய் மூட முடியாமல் போன அந்தக் குழாயால் ஊருக்குள் பரவியது. கடைசியில் வெள்ளம் வடிந்தது. எண்ணெய் வடியவில்லை. தென்னை மரங்களில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு, சுவர்களில் ஒரு கோடு, கிணறுகளில் வானவில் நிறத்தில் ஒரு படலம். அரிசி இருந்தவர்களும் அடுப்பு மூட்டப் பயந்து ஊறவைத்த அவலைத் தின்றார்கள். சிலர் சீனிமுகம்மதுவின் வீட்டு வாசல் கடப்படியில் வந்து நின்று ஏசினார்கள். சிலர் சிரித்தார்கள்: இனி ஊரே லாம்பெண்ணைக் காக்காதான், பள்ளியில் எல்லாருக்கும் கடைசி வரிசைதான். சீனிமுகம்மது கேட்டுக்கொண்டு இருந்தார். கண்ணில் பூளை கட்டி இமை வீங்கியிருந்தது.

கொழும்பிலிருந்து ஒரு துரை விசாரணைக்கு வந்தார். இராசதுரை பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தார். கேள்வி ஒன்றுதான்: பூட்டியிருந்த வால்வு எப்படித் திறந்தது? வெளியாட்கள் திறந்திருந்தால் பொலிசுக்குப் போகும். டிப்போவுக்குள் புகுந்து நாசம் செய்த வழக்கு. சாவி வைத்திருந்த ஆள் திறந்திருந்தால் வேலையோடு போகும். பளீல் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, ஒப்புக்கொள்வதற்குத் தயாராக வந்து வாசலில் நின்றான். அவனைக் கூப்பிட்டால் அடுத்த கேள்வி சாவியைக் கொடுத்தது யார் என்பதாகத்தான் இருக்கும். அது சீனிமுகம்மதுவுக்குத் தெரியும். ஆகவே கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"நான்தான் தொறந்தன்."

இராசதுரை மொழிபெயர்க்கவில்லை. இத்தனை வருஷமாகத் தலையாட்டிக்கொண்ட மனிதரை நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுக் கதையுங்க, காக்கா" என்றார் மெதுவாக.

"யோசிச்சுத்தான் கதைக்கிறன், ஐயா. நித்திரைத் தூக்கம். வயல் எண்டு நெனச்சு வக்கடையத் தொறந்துட்டன்."

துரைக்கு வயல் எங்கே வந்தது என்று விளங்கவில்லை. இராசதுரைக்கு விளங்கியது, வாசலில் நின்ற வெள்ளைச் சட்டையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஒன்றும் கேட்காமல், சொன்னதை அப்படியே இங்கிலீசில் சொன்னார். வெறும் வாரோடு சீனிமுகம்மது வீட்டுக்கு நடந்து வந்தார். அபூசாலியின் இடத்துக்கு இவ்வளவு காலம் கிடைக்காத ஆள், இவருடைய இடத்துக்கு அந்தக் கிழமையே கிடைத்தான். அதுவும் இரண்டு பேர்.

பளீல் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சத்தம் போட்டான். தன் வாயைக் கட்டிப்போட்டு மச்சான் தன்னை ஆணில்லாமல் ஆக்கிவிட்டார் என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். அதன் பிறகு அவன் அந்தக் கடப்படியை மிதிக்கவில்லை. பெண்சாதியின் வீட்டில் குடியிருக்கிற மனிதனுக்கு மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வீட்டில் பாதி வெளிச்சம் போன மாதிரி. சீனிமுகம்மதுவும் அவனைத் தேடிப் போகவில்லை. என்ன சொல்லிச் சமாதானம் செய்வது? உன் ராத்தா றுகையாவுக்காகச் செய்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வேலை போன மனிதன் படுத்துத் தூங்கியிருக்கலாம். அவர் தெருக் கிணறுகளை இறைக்கத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை. காலையில் வாளியும் கயிறுமாக ஒரு வீட்டு வளவுக்குள் போவார். தண்ணீரை இறைத்து இறைத்துத் தரை தெரியும்வரை கொண்டுவருவார். சுவரைச் சாம்பலால் தேய்ப்பார். அடுத்த நாள் ஊற்றுத் தண்ணீரோடு படலமும் திரும்ப ஊறி வந்து நிற்கும். மண்ணுக்குள் இறங்கிய எண்ணெய் இலேசில் விடுமா? திரும்ப இறைப்பார். முதலில் ஏசியவர்களும் அலுத்துப்போய்த் தேத்தண்ணி கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தத் தேத்தண்ணியும் மண்ணெண்ணெய் மணத்தது. கொடுத்தவரும் குடித்தவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

சாவியைப் பற்றி வீட்டில் ஒரு சொல் வரவில்லை. றுகையா சோறு போட்டாள், கண்ணுக்குத் தாய்ப்பால் வாங்கி விட்டாள், உடுப்புத் தோய்த்தாள். ஜெமீலாவுக்கு நாற்பதும் கழிந்தது. மருமகன் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். தன் வீட்டுக் கிணற்றை மட்டும் சீனிமுகம்மது கடைசிக்கு வைத்திருந்தார். அதை இறைக்கத் தொடங்கிய நாளில், லுஹருக்குப் பிறகு, றுகையா வந்து கிணற்றடியில் நின்றாள்.  அவர் நாலு வாளி இறைத்து ஊற்றினார்.

"பளீல் எழுப்பத்தான் வந்தான்" என்றாள். "நான்தான் எழுப்ப விடல்ல. நீங்க வாயத் தொறந்து, சின்னப் புள்ள மாதிரி படுத்துக் கிடந்தீங்க. அந்த முகத்தப் பாத்துட்டு என்னால எழுப்ப ஏலாமப் போச்சு. சாவியக் கழட்டி அவன்ட்ட குடுத்தது நான். வக்கடையத் தொறக்க நீ அறியாதவனா எண்டு சொன்னதும் நான்."

அவர் கயிற்றை விடவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா ஏன் ஒரு சொல்லுக் கேக்கல்ல? ஏசியிருந்தா எனக்கு நெஞ்சு ஆறியிருக்கும்."

 வேலை போனது, மச்சான் போனான், ஊரின் தண்ணீர் கெட்டது. ஒவ்வொன்றையும் நினைக்க நெஞ்சு வலித்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் அவருக்குள் வேறு ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"என்னத்தச் சொல்லி ஏச, றுகையா? கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து அப்பிடி ஒரு நித்திரை நான் கொள்ளல்ல."

றுகையா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும் அவர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள். போய்ப் படுங்கள், மிச்சத்தை நான் இறைக்கிறேன் என்றாள். அவர் மறுக்கவில்லை, உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தார். எழும்பிப் போய்ப் பார்க்கத் தாங்கி இல்லை, வரப்போகும் பவுசர் இல்லை, எழுப்புவதற்கு ஆள் இல்லை. கிணற்றில் வாளி விழுவதும் தண்ணீர் கொட்டுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பள்ளியில் வாங்கு சொல்லி அழைக்கும்வரை அவர் கண்ணை மூடியபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தார், நித்திரை வரவில்லை.